கன உலோகங்களைப் பிடித்து வைக்கும் சேறு: ஆக்லாந்தின் செயற்கை ஈரநிலங்கள்

நியூசிலாந்தின் மிகப்பெரிய நகரமான ஆக்லாந்தில், ஆலைகளின் கழிவுநீர் உரிமத்தின் பேரில் பாதாளச் சாக்கடை வழியாக மாங்கெரே, ரோஸ்டேல் போன்ற சுத்திகரிப்பு நிலையங்களுக்குச் செல்கிறது. ஆனால் அதே ஆலைகளின் கூரைகளிலும் முற்றங்களிலும் விழும் மழைநீர், பெரும்பாலான பகுதிகளில் தனிக் குழாய்கள் மூலம் ஓடைகளையும் கடலையும் அடைகிறது. வர்ணம் பூசப்படாத துத்தநாகத் தகட்டுக் கூரைகளும் தேயும் டயர்களும் அந்த நீரில் துத்தநாகத்தைச் சேர்க்கின்றன. வாகனங்களின் பிரேக் கட்டைகள் செம்பைச் சேர்க்கின்றன.

இதனைத் தடுக்க அந்நகரம் கையாளும் முறைகளில் ஒன்றுதான் செயற்கை ஈரநிலம். ஆக்லாந்து பிராந்திய மன்றம் மழைநீர் சுத்திகரிப்புக்கான தனது கையேட்டை முதலில் 1992ஆம் ஆண்டிலும், திருத்திய பதிப்பை 2003ஆம் ஆண்டிலும் வெளியிட்டது. நீரில் மிதந்து வரும் திண்மத் துகள்களில் 75 சதவீதத்தை அகற்றுவது அதன் இலக்கு. உலோகங்களில் கணிசமான பகுதி துகள்களில் ஒட்டிக்கொண்டு வருவதால், துகள் படிந்தால் உலோகமும் படியும் என்பதே இதன் தர்க்கம். கூரையிலிருந்து வரும் துத்தநாகமோ பெரும்பாலும் கரைந்த நிலையில் இருப்பதால், வெறும் வண்டல் குட்டை அதற்குப் போதாது. 2010ஆம் ஆண்டில் உருவான ஆக்லாந்து மாநகர மன்றம் 2017ஆம் ஆண்டில் புதிய வழிகாட்டியை வெளியிட்டது.

நாணலும் கோரையும் உலோகத்தை உறிஞ்சிவிடுகின்றன என்பது பரவலான நம்பிக்கை. உண்மையில் தாவரங்கள் எடுத்துக்கொள்வது சிறு பங்கே. பெரும் வேலை நடப்பது சேற்றில். மட்கும் இலைதழைகள் உலோக அயனிகளைப் பற்றிக்கொள்கின்றன. பிராணவாயு எட்டாத அடிச்சேற்றில் வாழும் பாக்டீரியாக்கள் சல்பேட்டைச் சல்பைடாக மாற்ற, அத்துடன் சேர்ந்து துத்தநாகம், செம்பு, காட்மியம் ஆகியவை கரையாத பொருட்களாகப் படிகின்றன. ஆக, உலோகம் அழிவதில்லை, இடம்தான் மாறுகிறது. நுழைவாயிலில் உள்ள வண்டல் குட்டையை அவ்வப்போது தூர்வாரி, சேற்றைப் பாதுகாப்பாக அகற்றியாக வேண்டும்.

பிரிட்டனின் கார்ன்வால் பகுதியில் உள்ள வீல் ஜேன் தகரச் சுரங்கத்திலிருந்து 1992ஆம் ஆண்டில் உலோகம் கலந்த அமில நீர் ஃபால் முகத்துவாரத்தில் பாய்ந்தது. அங்கே ஈரநிலங்கள் பரிசோதிக்கப்பட்டன. ஆனால் இறுதியில் சுண்ணாம்பு சேர்த்துச் சுத்திகரிக்கும் நிலையமே நிலைத்தது. அமிலமும் நீரளவும் மிகுந்தால் ஈரநிலத்துக்கு ஏராளமான நிலம் தேவைப்படும்.

தமிழ்நாட்டின் பிரச்சினை இன்னும் சிக்கலானது. பாலாற்றுப் படுகையின் தோல் பதனிடும் ஆலைகள் குறித்து இந்திய உச்சநீதிமன்றம் 1996ஆம் ஆண்டில் முக்கியத் தீர்ப்பு வழங்கியது. ராணிப்பேட்டையில் 1990களின் நடுவில் மூடப்பட்ட குரோமேட் ஆலை, ஒன்றரை லட்சம் டன்னுக்கும் அதிகமான குரோமியக் கழிவை விட்டுச்சென்றது. நீரில் எளிதில் கரையும் ஆறு இணைதிறன் குரோமியத்தை, ஈரநிலச் சேறு கரையாத மூன்று இணைதிறன் வடிவமாக மாற்றக்கூடியதுதான். ஆனால் ஆக்லாந்தில் ஆண்டு முழுவதும் மழை உண்டு. வட தமிழகத்தில் கோடை நீண்டது. சேறு வறண்டு காற்றுப் பட்டால் சல்பைடுகள் சிதைந்து, பிடிபட்ட உலோகங்கள் அடுத்த மழையில் மீண்டும் நீரில் கலக்கலாம். தவிர, தோல் ஆலைக் கழிவுநீரில் மிகுந்திருக்கும் உப்பை எந்தக் கோரையும் சேறும் அகற்றுவதில்லை. அதற்கு வேறு சுத்திகரிப்பு முறை தேவை.