ஸ்டீரியோ பேனிங்: வீட்டு ஒலிப்பதிவில் கிட்டார்

ஸ்டீரியோ பேனிங் என்பது ஓர் ஒலித்தடத்தை இடது, வலது ஸ்பீக்கர்களுக்கு எந்த விகிதத்தில் பிரித்து அனுப்புவது என்பதைத் தீர்மானிக்கும் மிக்சிங் உத்தி. ஒரே ஒரு கிட்டார் கலைஞர் இருக்கும் வீட்டுப் பதிவிலும் அகலமான ஒலியை உண்டாக்க இது உதவுகிறது. இரு பக்கங்களிலும் ஒலிப்பவை தம்முள் எவ்வளவு வேறுபடுகின்றனவோ அவ்வளவுதான் அந்த அகலம்.

அடிப்படை

இரு காதுகளையும் எட்டும் ஒலியின் மட்டத்திலும் நேரத்திலும் உள்ள வேறுபாட்டைக் கொண்டே மூளை திசையைக் கணிக்கிறது. நேர்ப் பக்கவாட்டிலிருந்து வரும் ஒலி மறு காதைச் சேர ஏறத்தாழ 0.7 மில்லி செகண்ட் கூடுதலாகும். பேன் குமிழ் மாற்றுவது மட்டத்தை மட்டுமே. குமிழ் நடுவில் இருக்கையில் சத்தம் கூடிவிடாதிருக்க, பல மென்பொருள்கள் ஒவ்வொரு பக்கத்தையும் 3 டெசிபெல் குறைக்கின்றன, 4.5, 6 டெசிபெல் குறைக்கும் விதிகளும் உண்டு.

வரலாறு

இ.எம்.ஐ. பொறியாளர் ஆலன் புளூம்லைன் 1931 டிசம்பரில் ஸ்டீரியோ ஒலிக்கான காப்புரிமையைக் கோரினார். அமெரிக்கக் கிட்டார் கலைஞர் லெஸ் பால் 1940களில் தம் வீட்டுக் கொட்டகையிலேயே தம் வாசிப்பை அடுக்கடுக்காகப் பதிவுசெய்து காட்டினார். தமிழ்த் திரையிசையில் இளையராஜாவின் ‘பிரியா’ (1978) பாடல்கள் ஸ்டீரியோ பதிவுக்கு முன்னோடியாகக் குறிப்பிடப்படுகின்றன. ஏ.ஆர். ரகுமான் சென்னையில் தம் வீட்டை ஒட்டி 1989இல் அமைத்த பஞ்சதன் ரெக்கார்ட் இன், வீட்டு ஸ்டூடியோவிலிருந்தே திரைப்பாடலைக் கொண்டுவர முடியும் என்பதை ‘ரோஜா’ (1992) வழியே நிறுவியது.

முறைகள்

இரட்டைப் பதிவு: ரிதம் பகுதியை இருமுறை வாசித்து, ஒன்றை முழு இடப்புறமும் மற்றதை முழு வலப்புறமும் வைப்பது. மீட்டலில் இயல்பாக நேரும் சிறு வேறுபாடுகளே அகலத்தைத் தருகின்றன. ஒரே பதிவை நகலெடுத்து இரு புறமும் வைத்தால் அகலம் கிடைக்காது. கிட்டார் நடுவிலேயே நின்று சத்தம் மட்டும் கூடும். இரண்டாம் முறை வேறு கிட்டாரில் வாசிப்பதும், கேப்போ பொருத்தி அதே கார்டுகளை வேறு வடிவில் பிடிப்பதும் வேறுபாட்டைக் கூட்டும்.

தாமதம்: நகலை 10 முதல் 30 மில்லி செகண்ட் தாமதித்து எதிர்ப்புறம் வைப்பது. முதலில் எட்டும் ஒலியின் பக்கத்தையே காது திசையாகக் கொள்ளும் என்பதை ஹெல்முட் ஹாஸ் 1949இல் ஆராய்ந்து விளக்கினார். இதன் குறை மோனோவில் வெளிப்படும்: 10 மில்லி செகண்ட் தாமதமுள்ள இரு தடங்களும் சேரும்போது 50, 150, 250 ஹெர்ட்ஸ் என்ற வரிசையில் அதிர்வெண்கள் ஒன்றையொன்று அழித்து ஒலி மெலிகிறது.

இரு மைக்: அக்குஸ்டிக் கிட்டாருக்கு ஒரு மைக்கைப் பன்னிரண்டாம் ஃபிரெட் அருகிலும் மற்றொன்றைப் பிரிட்ஜ் பக்கமும் வைத்து, இரு புறமும் பிரிப்பது. தனிக் கிட்டார் இசைக்கு ஏற்றது.

தானியங்கிப் பேன்: ஒலியைத் தாளத்தோடு பக்கம் மாற்றி ஓடவிடுவது. நிமிடத்திற்கு 120 அடி வேகத்தில், இரண்டு அடிக்கு ஒருமுறை இடம்-வலம் போய்த் திரும்பினால் ஒரு சுற்றுக்கு ஒரு விநாடி ஆகும்.

கோரஸ்: 1975இல் வந்த ரோலண்ட் ஜேசி-120 ஆம்ப், ஒரு ஸ்பீக்கரில் நேர் ஒலியையும் மற்றதில் சுருதி லேசாக அசையும் ஒலியையும் தந்து, காற்றிலேயே கோரஸை உண்டாக்கியது. இன்றைய மென்பொருள் கோரஸ்கள் பலவும் இதைப் பின்பற்றுகின்றன.

இட ஒதுக்கீடும் சோதனையும்

குரல், பேஸ், கிக் டிரம் ஆகியவை பொதுவாக நடுவில் நிற்கும். ஒருபுறம் கிட்டார் மட்டும் இருந்தால், மறுபுறம் ஷேக்கர், கீபோர்டு போன்ற ஒன்றை வைத்துச் சமன் செய்வர். ஹெட்போனில் ஒரு பக்கத்து ஒலி மறு காதை எட்டாததால் அகலம் மிகைப்படும். எனவே கேட்பவருடன் சமபக்க முக்கோணமாக வைத்த ஸ்பீக்கர்களிலும் கேட்டுப் பார்க்க வேண்டும்.

மோனோ சோதனை கடைசிக் கட்டம். திருவிழாக் குழாய் ஒலிபெருக்கிகள், சிறிய புளூடூத் ஸ்பீக்கர்கள் பல ஒற்றைத் தடத்தையே ஒலிப்பவை. 3 டெசிபெல் விதியில் கலந்த பாட்டை மோனோவாக்கினால், முழு ஓரத்தில் உள்ள கிட்டார் நடுவில் உள்ள குரலைவிட 3 டெசிபெல் தாழும். அந்நிலையிலும் கிட்டார் தெளிவாகக் கேட்டால் பேனிங் பொருந்தியிருக்கிறது எனக் கொள்ளலாம்.