தன் கையே தனக்குதவி: அழுத்தல் வைத்தியத்தின் வரலாறு

தலைநோவுற்றவன் தன்னையறியாமலே நெற்றிப்பொட்டை விரலால் அழுத்துகின்றான். நெடுந்தூரம் நடந்தவன் உள்ளங்காலைப் பிசைகின்றான். இஃது எந்நாட்டார்க்கும் இயல்பாயமைந்த செயல். இச்செயலை நெறிப்படுத்தி, உடலின் இன்ன இடத்தை இன்ன நோய்க்கு அழுத்துக என வகுத்துரைத்தோர் சீனரும், அவர்வழி வந்த யப்பானியருமாவர். இன்று 'அக்குபிரசர்' என்னும் பெயரால் உலகெங்கும் வழங்கும் இம்முறையைப் போற்றுவோர் அதன் தொன்மையையே சான்றாகக் காட்டுவர்; இகழ்வோரும் அத்தொன்மையையே குற்றமாகக் கூறுவர். தொன்மை ஒரு முறைக்கு மதிப்பைத் தரலாம். அதன் மெய்ம்மையை நிறுவுவது சோதனையே. இவ்வுண்மையை இம்முறையின் வரலாறே நமக்குப் புலப்படுத்தும்.

இதன் வேர்களைக் காட்டும் மிகப் பழைய சான்றுகளுட் சில, சீனத்தின் ஹூனான் மாகாணத்திலுள்ள மாவாங்துவி என்னுமிடத்தில் 1973 ஆம் ஆண்டு கிடைத்தன. கி.மு. 168 இல் மூடப்பட்ட கல்லறையொன்றினுள்ளே பட்டில் எழுதப்பெற்ற மருத்துவ ஏடுகள் இருந்தன. அவை உடலில் ஓடும் 11 நாளங்களையும், அவற்றின்மேற் சூடிட்டு நோய் தீர்க்கும் வகையையும் கூறுகின்றன. புள்ளிகளின் வரிசை அவற்றில் இல்லை. உடன் கிடைத்த பட்டோவியமொன்றில், உடலை நீட்டியும் வளைத்தும் பயிற்சி செய்யும் 44 மாந்தரின் உருவங்கள் காணப்படுகின்றன. வைத்தியனையே நம்பியிராது ஒருவன் தன் நலத்தைத் தானே பேணலாம் என்னுங் கருத்து அக்காலத்திலேயே நிலவியமைக்கு இவ்வோவியம் சான்றாகும்.

சீன வைத்தியத்தின் முதனூலாகப் போற்றப்படும் 'மஞ்சட் பேரரசரின் அகநூல்' நோவைப் பகுத்துரைக்குமிடத்து, அழுத்தினால் தணிவது, அழுத்தியும் பயன்படாதது, அழுத்தினால் மிகுவது என வேறுபாடு காட்டுகின்றது. எந்நோய்க்கும் அழுத்தலே மருந்து என அப்பழைய நூலாசிரியர் கூறவில்லை என்பது கருதத்தக்கது. கி.பி. 3 ஆம் நூற்றாண்டில் ஹுவாங்பு மி என்பவர் 349 புள்ளிகளை வரிசைப்படுத்தினார். அடுத்த நூற்றாண்டில் கே ஹொங் என்பவர், வைத்தியரை நாட வசதியற்றோரும் அவசர வேளையிற் பயன்படுத்தத்தக்க கைநூலொன்றை இயற்றினார். மயங்கி வீழ்ந்தவனின் மூக்கிற்கும் மேலுதட்டிற்கும் இடைப்பட்ட குழியை நகத்தால் அழுத்துமாறு அந்நூல் கூறுகின்றது. இவ்வாறு அரண்மனைக் கல்வி பாமரரின் கைக்கு வந்தது.

கி.பி. 7 ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த சுன் சிமியாவ் தம் பெருநூலில், ஒருவர் தாமே செய்துகொள்ளத்தக்க பயிற்சிகளை இரு தொகுதிகளாகத் தந்துள்ளார். அவற்றுள் 18 பயிற்சிகள் கொண்ட தொகுதியை இந்திய நாட்டு முறையென்றும், அந்தணர் முறையென்றும் அவர் குறிப்பிடுகின்றார். கைகளைக் கழுவுவதுபோல ஒன்றையொன்று பற்றித் திருகுவது அதன் முதற் பயிற்சி. பௌத்தம் பரவிய வழியே வைத்திய அறிவும் இரு நாடுகளிடையே சென்றுவந்தது என்பதை இது நினைவூட்டுகின்றது. ஆயினும் இவ்வொரு குறிப்பைக் கொண்டு, தமிழரின் வர்மக் கலையே சீனருக்கு மூலம் என்று முடிவுகட்டுதல் ஆராய்ச்சி நெறியாகாது. நாள்தோறும் மும்முறை இவற்றைச் செய்யும் முதியவன் ஒரு திங்களில் நோயனைத்தும் நீங்கிக் குதிரைபோல் ஓடுவான் என்றும் அப்பெரியார் எழுதியுள்ளார். அனுபவத்தோடு மிகையும் கலந்தே நூல்களில் வந்து சேரும் என்பதற்கு இஃது எடுத்துக்காட்டாகும்.

யப்பானிலே, எண்பது அகவை கடந்த கைபரா எக்கிகென் என்னும் அறிஞர் 1713 இல் 'யோஜோகுன்' என்னும் உடல்நல நூலை எளிய நடையில் எழுதி, உள்ளங்காலைத் தேய்த்துவிடும் வழக்கத்தைப் பரிந்துரைத்தார். 20 ஆம் நூற்றாண்டில், 'விரலழுத்தம்' எனப் பொருள்படும் 'சியாட்சு' முறை அங்குத் தோன்றியது. 1947 இல் நேசநாட்டுப் படை நிருவாகம் பழைய வைத்திய முறைகளைத் தடுக்க முனைந்தபோது, அவற்றையே பிழைப்பாகக் கொண்ட பார்வையற்றோர் திரண்டெதிர்த்தனர். 1955 இல் சியாட்சு சட்டத்தில் இடம்பெற்றது.

நிற்க. தன்னழுத்தல் முறை மிகப் பெரிய அளவிற் கையாளப்பட்ட இடம் வைத்தியசாலையன்று, பாடசாலையே. 1960 களின் தொடக்கத்தில், மாணவரின் கிட்டப்பார்வையைத் தடுக்கும் நோக்குடன் பீக்கிங் நகரப் பாடசாலைகளிற் கண்பயிற்சி புகுத்தப்பட்டது. இசைக்கும் எண்ணிக்கைக்கும் ஏற்ப, மாணவர் கண்களை மூடிக் கண்களைச் சூழ்ந்த புள்ளிகளை விரல்களால் அழுத்தினர். நாடெங்கும் பரவிய இப்பயிற்சி இரு தலைமுறைகளைக் கண்டது. எனினும் 2018 இல் அந்நாட்டரசு நடத்திய கணக்கெடுப்பிற் சிறார், இளைஞருள் நூற்றுக்கு 53.6 பேர் கிட்டப்பார்வையுடையோராகக் காணப்பட்டனர். மாறாக, 2015 இல் வெளியான குவாங்சௌ நகர ஆய்வொன்றில், நாள்தோறும் 40 நிமிடம் கூடுதலாக வெளியிற் கழித்த பிள்ளைகளிடையே இக்குறை புதிதாகத் தோன்றுவது 39.5 இலிருந்து 30.4 வீதமாகக் குறைந்திருந்தது. கோடிக்கணக்கான விரல்கள் செய்யாததைச் சூரியவொளி ஓரளவு செய்தது.

இதனால் இம்முறை முழுதும் பயனற்றதென்று கொள்ளலாமோ? கொள்ளலாகாது. மணிக்கட்டின் உட்புற மடிப்பிலிருந்து மூன்று விரலளவு மேலே, இரு நரம்புநாண்களுக்கிடையேயுள்ள புள்ளியைத் தூண்டுவது சத்திரசிகிச்சையின் பின் உண்டாகும் குமட்டலைக் குறைக்குமென, 59 ஆய்வுகளைத் தொகுத்த 2015 ஆம் ஆண்டு அறிக்கை கூறுகின்றது. ஆனால் அச்சான்றின் தரம் தாழ்ந்ததென்பதையும் அது மறைக்கவில்லை. மிச்சிகன் பல்கலைக் கழகத்தார் 2016 இல் வெளியிட்ட ஆய்விலே, மார்பகப் புற்றுநோய்ச் சிகிச்சையை முடித்த 288 பெண்கள் பங்குபற்றினர். ஆறு வாரம் தாமே அழுத்திவந்தோரின் சோர்வு ஏனையோரினும் மிகக் குறைந்தது. வெவ்வேறு புள்ளிகளை அழுத்திய இரு குழுவினரும் சோர்வு நீக்கத்தில் ஏறத்தாழ ஒத்த பயனையே பெற்றனர். ஒரு குழுவினர்க்கே உறக்கமும் சீர்பட்டது. ஆதலின், பயன் புள்ளியினாலாயதா, அழுத்தத்தினாலாயதா, தன்னைத் தான் பேணும் அமைதியினாலாயதா என்பது மேலும் ஆராயத்தக்கது.

இவ்வரலாறு மாணவர்க்கு உணர்த்துவது யாது? குமட்டல், களைப்பு முதலிய சிறு தொல்லைகளுக்குச் செலவின்றித் தன் கையாலே ஆறுதல் தேடுதல் நன்று. ஆயின் நெஞ்சுநோவு, நீங்காத காய்ச்சல், காலில் திடீரெனத் தோன்றும் வீக்கம் ஆகியவற்றை விரலால் அழுத்திக் காலம் போக்குதல் பேதைமை. கருவுற்ற மகளிர் வைத்தியரைக் கேளாது இதனை மேற்கொள்ளலாகாது. அழுத்தினால் மிகும் நோவும் உண்டென எழுதி வைத்த பழைய ஆசிரியரின் அடக்கமே நாம் அவரிடமிருந்து பெறவேண்டிய பெருஞ்செல்வம். முன்னோர் தந்ததைத் தள்ளாது பெற்று, சோதித்துத் தெளிந்து கொள்வதே கற்றோர் கடனாகும்.