செத்த குதிரைக்கும் விலை

பாம்பனைத் தாண்டி ராமேசுவரம் போகும் சாலையில் அக்காள்மடம் வரும், அதை ஒட்டித் தங்கச்சிமடம். இரண்டு பெயருக்கும் பின்னால் ஒரு வரி வசூல் கதை உண்டு. பதினெட்டாம் நூற்றாண்டின் முற்பகுதியில் ஆண்ட முத்து விஜயரகுநாத சேதுபதியின் மருமகன், பாம்பன் துறையில் படகேறும் பக்தர்களிடம் காசு வாங்கினாராம். கொடுக்க வழியில்லாத பரதேசி ஒருவர் மன்னரிடம் முறையிட்டார். மருமகன் என்றும் பாராமல் சேதுபதி மரண தண்டனை விதித்தார். அந்த மருமகனை மணந்திருந்த இரு மகள்களும் தீப்பாய்ந்தார்கள். அவர்கள் நினைவாக எழுந்தவையே இரு மடங்களும் என்பது ஊர் சொல்லும் வழிவழிச் செய்தி.

சுங்கம் இந்தக் கரைக்கு அதற்கும் முன்பே பழகிய தொழில். பாண்டியர் காலத்தில் அதை நடத்தியவர்களில் பெயர் பெற்றவர் ஓர் அரபு வணிகர். கீஷ் தீவின் அதிபதி ஜமாலுத்தீனுடைய தம்பி தகியுத்தீன் அப்துர் ரஹ்மான், பாண்டியனுக்கு அமைச்சர். காயல், பத்தன், மாலிபத்தன் துறைமுகங்கள் அவர் பொறுப்பில் இருந்ததைப் பாரசீக வரலாற்றாசிரியர் வஸ்ஸாப் குறித்திருக்கிறார். பத்தன் என்பது இன்றைய பெரியபட்டினம் என்பது ஆய்வாளர் பலர் கருத்து. அருகிலுள்ள திருப்புல்லாணிக் கோயில் கல்வெட்டு ஒன்று, பவித்திரமாணிக்கப்பட்டினத்துப் பள்ளிவாசலுக்கு வரி நீக்கி நிலம் விட்டதைச் சொல்கிறது. பெருமாள் கோயில் சுவரில் பள்ளிவாசலின் வரிவிலக்கு!

வஸ்ஸாப் தரும் குதிரைக் கணக்கு இன்னும் சுவையானது. ஆண்டுக்கு 1,400 குதிரைகளை ஜமாலுத்தீன் அனுப்ப வேண்டும், ஒன்றுக்கு 220 தினார் செம்பொன். நடுக்கடலில் செத்துப்போகும் குதிரைக்கும் அரசுக் கருவூலம் விலை கொடுக்க வேண்டும். தம்பி சுங்கத்தில், அண்ணன் ஏற்றுமதியில் என்றால் ஒப்பந்தம் வேறெப்படி இருக்கும்? ஆனால் ஒப்பந்தம் மார்க்கத்துக்கு ஒத்ததா என்று பார்க்கும் இன்றைய ஷரீஆ வாரியம் எதுவும் இதற்கு எளிதில் கையெழுத்துப் போடாது. கைக்கு வந்து சேராத சரக்கின் நட்டத்தை விற்றவர்தான் தாங்க வேண்டும் என்பது இஸ்லாமிய வணிகத்தின் அடிப்படை விதி.

அந்த விதிதான் இன்றைய வரி வல்லுநருக்கும் வேலை கொடுக்கிறது. வட்டி கூடாது என்பதால் முராபஹா முறையில் வங்கியே வீட்டை வாங்கி, தன் பொறுப்பில் வைத்து, லாபம் சேர்த்துத் தவணைக்கு விற்கிறது. மார்க்கத்துக்குச் சரி. பத்திரப்பதிவு அலுவலகத்துக்கோ இது இரண்டு கிரயம். தமிழ்நாட்டில் முத்திரைத்தீர்வை 7%, பதிவுக் கட்டணம் 2%. 50 லட்ச ரூபாய் வீட்டுக்கு 4.5 லட்சம் ஆகும். அதையே வங்கி வாங்கி 70 லட்சத்துக்கு விற்றால் இரண்டாவது பத்திரத்துக்கு இன்னொரு 6.3 லட்சம். சாதாரணக் கடனில் வாங்குகிறவருக்கு அந்த இரண்டாவது பத்திரமே கிடையாது. இதை ஒரு பேங்க் மேனேஜர் தீர்க்க முடியாது. சட்டத்தைத் திருத்தித்தான் ஆக வேண்டும்.

பிரிட்டன் 2003 நிதிச் சட்டத்தில் இந்த இரட்டைத் தீர்வையை நீக்கியது. சிங்கப்பூர் 2005இல் அதே வழிக்கு வந்தது. மார்க்கச் சட்டமும் வரிச் சட்டமும் ஒருசேரத் தெரிந்தவர்களுக்கு நல்ல கிராக்கி பிறந்ததும் அந்த ஆண்டுகளில்தான். இலங்கை 2005இல் இஸ்லாமிய வங்கிச் சேவைக்கு இடம் தந்து வங்கிச் சட்டத்தைத் திருத்தியது; அவ்வகை வங்கியான அமானா 2011இல் தொடங்கியது. பாக் நீரிணையின் இந்தப் பக்கத்தில் கதை வேறு. ரகுராம் ராஜன் குழு 2008இல் வட்டியில்லா வங்கிச் சேவையைப் பரிந்துரைத்தும், 2017இல் ரிசர்வ் வங்கி அந்த யோசனையைக் கைவிட்டது. வரிச் சட்டமும் வட்டிக்கே சாதகம்: தொழில் முதலுக்கு வாங்கிய கடனின் வட்டியை வருமானவரிக் கணக்கில் செலவாகக் கழிக்கலாம். வட்டிக்குப் பதிலாகக் கூட்டாளிக்குக் கொடுக்கும் லாபப் பங்குக்கு அந்தச் சலுகை இல்லை.

அதனால் இந்தக் கரைப் பிள்ளைகள் யாரேனும் மார்க்கச் சட்டமும் வரிச் சட்டமும் சேர்ந்த இந்தத் தொழிலைப் படித்தால் பிழைப்பு கடல் தாண்டித்தான். கீழக்கரைக்காரர்களுக்கு நன்கு பழகிய துபாயிலும் வரி வந்துவிட்டது: 2018 ஜனவரியில் 5% மதிப்புக்கூட்டு வரி, 2023 ஜூனில் 9% நிறுவன வரி. அங்குள்ள நிறுவன வரிச் சட்டம் இஸ்லாமிய நிதி ஒப்பந்தத்தின் லாபத்தை வட்டிக்கு நிகராகவே கணக்கில் எடுக்கிறது. ஷரீஆ வாரியத்திடம் இது வட்டி இல்லை என்று நிறுவிய அதே ஒப்பந்தத்தை, வரித்துறைப் படிவத்தில் வட்டிக்குரிய விதிப்படி காட்ட வேண்டும்.