கோவளம் அரண்மனை: அரச இல்லம் விருந்தகமான வரலாறும் விருந்தோம்பல் மரபும்

முன்னுரை

விருந்து என்னும் சொல்லுக்குப் புதுமை என்பதே முதற்பொருள். தொல்காப்பியர் வனப்பு எட்டனுள் ஒன்றாக விருந்தைக் கூறுங்கால் புதிதாகப் புனையப்படும் செய்யுளையே அச்சொல்லாற் குறித்தார். புதிதாக வந்த மனிதர்க்கும், பின்னர் அவர்க்கு இடும் உணவிற்கும் அது பெயராயிற்று. இன்று நட்சத்திரத் தகுதி பெற்ற பெரிய தங்கும் விடுதிகளை 'விருந்தகம்' என வழங்குகிறோம். பெயர் பழையது, உள்ளீடு வேறு. வந்தவர் விலை கொடுத்துத் தங்கும் இடம் அது.

இம்மாற்றத்தைத் திருவனந்தபுரத்தையடுத்த கோவளம் அரண்மனையின் வரலாறு தெளிவாகக் காட்டுகிறது. அரச குடும்பத்தின் ஓய்வில்லமாக எழுந்து, மாநில அரசின் உடைமையாகி, நடுவணரசு நிறுவனத்தின் விடுதியோடு இணைந்து, பின்னர்த் தனியார் கைக்குச் சென்ற கட்டடம் அது. அதன் கைமாற்றங்களை வரிசைப்படுத்தி, அவற்றால் எழும் உரிமைச் சிக்கலைத் தமிழ் ஆவணங்கள் தரும் கலைச்சொற்களின் துணையால் விளக்குவது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இடத்தின் தொன்மை

கோவளம் திருவனந்தபுரம் நகருக்குத் தெற்கே ஏறத்தாழ 15 கி.மீ. தொலைவில் அமைந்த கடற்கரையூர். அதனை ஒட்டியது விழிஞம். தமிழ் வரலாற்றில் விழிஞத்திற்குத் தனியிடம் உண்டு. எட்டாம் நூற்றாண்டுப் பாண்டிய வேந்தன் பராந்தக நெடுஞ்சடையனின் சீவரமங்கலச் செப்பேடு அவன் விழிஞத்தை வென்ற செய்தியைக் கூறுகிறது. கலிங்கத்துப்பரணியும் விழிஞ வெற்றியைச் சோழர் புகழுள் ஒன்றாகப் பாடுகிறது. ஆய் மரபினர் ஆண்ட இத்துறைமுகத்தின் பொருட்டுப் பாண்டியரும் சேரரும் சோழரும் மாறிமாறிப் போரிட்டனர். விழிஞத்திலுள்ள சிறிய குடைவரைக் கோயில் அக்காலத்தின் எச்சமாக இன்றும் நிற்கிறது. 2025 மே மாதம் அங்குப் பன்னாட்டுத் துறைமுகம் முறைப்படித் திறந்துவைக்கப்பட்டபோது, பழைய பட்டினம் மீண்டும் கடல் வாணிகத்தின் வரைபடத்தில் இடம்பெற்றது.

இவ்வாய் மரபினர் சங்க காலத்து ஆய் அண்டிரனின் வழியினராகக் கருதப்படுவர். உறையூர் ஏணிச்சேரி முடமோசியார் ஆயைப் பாடிய பாடல்கள் புறநானூற்றில் உள்ளன. அவற்றுள் ஒன்று, இப்பிறப்பிற் செய்தது மறுபிறப்பிற் பயன்தரும் எனக் கணக்கிட்டு ஈகையை வாணிகமாக்கியவன் அல்லன் ஆய் என்று அவனைச் சிறப்பிக்கிறது. கைம்மாறு கருதாமையே கொடையின் இலக்கணம் என்பது அப்புலவரின் துணிபு. அம்மரபினர் ஆண்ட கடற்கரையிலேயே விருந்து விலைபெற்ற பண்டமாயிற்று என்பது கருதத்தக்கது.

சாலையும் ஊட்டுப்புரையும்

வந்தோரை உண்பித்துத் தங்கவைக்கும் நிறுவனங்கள் இந்நிலப்பகுதியில் தொன்றுதொட்டு இருந்தன. ஒன்பதாம் நூற்றாண்டில் ஆய் மன்னன் கருநந்தடக்கன், இன்றைய கன்னியாகுமரி மாவட்டத்துப் பார்த்திவசேகரபுரத்தில் திருமால் கோயிலும் சாலையும் நிறுவினான். தொண்ணூற்றைந்து சட்டர்க்கு அங்கு இடமளிக்கப்பட்டது. காந்தளூர்ச் சாலையின் நடைமுறையே அதற்கு முன்மாதிரி எனச் செப்பேடு கூறுகிறது. திருவனந்தபுரத்து வலியசாலைப் பகுதியே பழைய காந்தளூர்ச் சாலை இருந்த இடம் என்பர். முதலாம் இராசராசனின் மெய்க்கீர்த்தியில் இடம்பெறும் அச்சாலையைப் பற்றிய தொடர் கப்பலைக் குறிக்கிறதா, உண்கலத்தைக் குறிக்கிறதா, வேறொன்றைக் குறிக்கிறதா என்பது தமிழாய்வுலகில் நெடுங்காலமாக நிகழும் விவாதம். பொருள் எதுவாயினும், சாலை என்பது கற்போர்க்கு உறையுளும் உணவும் அளித்த அமைப்பு என்பதற்குப் பார்த்திவசேகரபுரச் செப்பேடு சான்றாகும்.

திருவிதாங்கூர் அரசின் காலத்தில் இம்மரபு ஊட்டுப்புரைகளாகத் தொடர்ந்தது. பத்மநாபபுரம் அரண்மனையின் ஈரடுக்கு ஊட்டுப்புரையில் ஒரே வேளையில் ஏறத்தாழ 2000 பேர் அமர்ந்துண்ணலாம். வழியோரங்களில் வழியம்பலங்களும் சுமைதாங்கிக் கற்களும் இருந்தன.

ஆயினும் இவற்றை மிகைப்படப் புகழ்தல் பொருந்தாது. சாலையும் ஊட்டுப்புரையும் எல்லார்க்கும் திறந்தவை அல்ல. பிறப்பால் தகுதி பெற்றோர்க்கே உரியவை. உழைப்பாலும் வரியாலும் அவற்றைத் தாங்கிய மக்களிற் பெரும்பாலார் அவற்றின் வாயிலையும் நெருங்க இயலவில்லை. விலை கேட்காத அவ்விருந்து பிறப்பைக் கேட்டது.

அரண்மனையின் தோற்றம்

கோவளம் அரண்மனையை எழுப்பியவர் திருவிதாங்கூர் மகாராணி சேதுலட்சுமிபாயின் கணவர் இராமவர்ம வலியகோயில் தம்புரான். கட்டப்பட்ட ஆண்டு 1932. கடலை நோக்கிய குன்றின்மேல், குடும்பத்தார் ஓய்வு கொள்ளுதற்கெனக் கட்டப்பட்ட இம்மாளிகைக்கு 'ஹால்சியன் காசில்' எனப் பெயரிடப்பட்டது. ஹால்சியன் என்பது கடலலையை அடக்கி அமைதி தரும் என்று கிரேக்கத் தொன்மம் கூறும் மீன்கொத்திப் பறவையின் பெயர். பெயரிலேயே ஓய்வின் கருத்து அமைந்திருந்தது.

இம்மாளிகை எழுந்த காலச்சூழல் நோக்கத்தக்கது. சேதுலட்சுமிபாய் 1924 முதல் 1931 வரை, இளவரசர் உரிய வயதடையும்வரை அரசுப் பொறுப்பாளராக ஆட்சி நடத்தினார். வைக்கம் போராட்டத்தின் பெரும்பகுதி நிகழ்ந்தது அவர் காலத்தில்தான். தந்தை பெரியார் சிறைப்பட்ட அப்போராட்டத்தின்போது, 1925 மார்ச்சில் காந்தியடிகள் மகாராணியை வர்க்கலையிற் சந்தித்தார். தெருவில் நடக்கும் உரிமையே அன்று வழக்குப்பொருள். 1931 நவம்பரில் சித்திரைத் திருநாள் ஆட்சியேற்றார். 1936 நவம்பர் 12 அன்று ஆலய நுழைவு அறிவிப்பு வெளிவந்தது. பொதுவழியும் கோயில் வாயிலும் எவர்க்கு உரியவை என்ற வினா நாடெங்கும் எழுந்த அந்த ஆண்டுகளின் இடையில்தான், ஒரு குடும்பத்திற்கு மட்டும் உரிய கடற்கரை மாளிகையாகக் கோவளம் அரண்மனை அமைந்தது.

உடைமை மாற்றங்கள்

நாட்டு விடுதலைக்குப்பின் அரச குடும்பங்கள் தம் மாளிகைகளைப் பேணுதல் அரிதாயிற்று. செய்ப்பூரின் இராம்பாக் அரண்மனை 1957-லும் உதயப்பூரின் ஏரி அரண்மனை 1963-லும் விடுதிகளாயின. மைசூரில் அரச விருந்தினர்க்கெனக் கட்டப்பட்ட இலலித மகால் 1974-இல் விடுதியாயிற்று. 1971-இல் அரசியலமைப்பின் 26-ஆம் திருத்தம் மன்னர் மானியத்தை ஒழித்தது. அதன்பின் இப்போக்கு விரைவு பெற்றது. பிற மன்னர்கள் பலர் தாமே விடுதி முதலாளிகளாகவோ அவற்றின் பங்குதாரராகவோ மாறினர். கோவளத்தின் நிலை வேறு. அது 1964-இல் கேரள அரசிற்கு விற்கப்பட்டது. அதாவது அரச உடைமை நேரே வாணிக உடைமையாகாமல் முதலிற் பொதுவுடைமையாயிற்று. பிற்கால வழக்கிற்கெல்லாம் வேர் இதுவே.

1970-இல் அது இந்தியச் சுற்றுலா வளர்ச்சிக் கழகத்தின் திட்டத்திற்கென நடுவணரசிற்கு மாற்றப்பட்டது. அரண்மனையை அடுத்த குன்றுச் சரிவில் கட்டடக் கலைஞர் சார்லசு கொரியா புதிய விடுதியை வடிவமைத்தார். குன்றினை மறைத்து உயர்ந்த கோபுரம் எழுப்பாது, சரிவின் போக்கிலேயே படிப்படியாக அறைகளை இறக்கி, ஒவ்வோர் அறைக்கும் கடற்காட்சியும் திறந்த தளமும் கிடைக்குமாறு அவர் அமைத்தார். நிலத்தின் இயல்பைக் கெடுக்காமற் கட்டுதற்கு அது எடுத்துக்காட்டாகக் கருதப்படுகிறது. கோவளம் உலகச் சுற்றுலாப் பயணிகள் அறிந்த ஊரானதில் இவ்விடுதிக்குப் பெரும்பங்கு உண்டு.

அரசு நிறுவனங்களின் பங்கு விற்பனைக் கொள்கையின்படி 2002-இல் இவ்விடுதி 'எம் ஃபார்' குழுமத்திற்கு விற்கப்பட்டது. 2005-இல் லீலா குழுமத்திடமும் 2011-இல் ஆர்.பி. குழுமத்திடமும் சென்றது. பத்தாண்டுக்குள் மூன்று கைகள் மாறின.

உரிமை வழக்கு

விடுதியை விற்றபோது அரண்மனையும் உடன் விற்கப்பட்டதா என்னும் வினா எழுந்தது. அரண்மனையும் அதனைச் சார்ந்த நிலமும் மாநிலத்தின் உடைமை என்பது கேரள அரசின் நிலைப்பாடு. விலைகொடுத்துப் பெற்ற சொத்து தம்முடையது என்பது தனியார் தரப்பின் நிலைப்பாடு. 2005-இல் கேரளச் சட்டமன்றம் அரண்மனையை மீட்டெடுப்பதற்கெனத் தனிச்சட்டம் இயற்றியது. கேரள உயர்நீதிமன்றம் அச்சட்டம் செல்லாதெனத் தீர்ப்பளித்தது; உச்சநீதிமன்றத்திலும் மாநில அரசிற்கு வெற்றி கிட்டவில்லை. 2017-இல் கேரள அமைச்சரவை அரண்மனையின் ஆட்சியைத் தனியார் நிறுவனத்திடம் ஒப்படைக்க முடிவுசெய்தது. ஆனால் உடைமை குறித்து உரிமையியல் நீதிமன்றத்தை அணுகும் உரிமையை அரசு தன்னிடமே நிறுத்திக்கொண்டது. அன்றைய ஆளும் முன்னணிக்குள்ளேயே அம்முடிவிற்கு எதிர்ப்பு இருந்தது.

இம்முடிவைத் தமிழ்ச் செப்பேடுகளின் மொழியில் விளக்குதல் எளிது. பாண்டியர் செப்பேடுகள் நிலக்கொடையைக் கூறுங்கால் 'காராண்மை', 'மீயாட்சி' என்னும் இரு சொற்களையும் இணைத்து வழங்கும். காராண்மை நிலத்தைக் கையிற்கொண்டு பயிர்செய்து நுகரும் உரிமை. மீயாட்சி அதற்கு மேலமைந்த உடைமையுரிமை. இரண்டும் உள்ளடங்கக் கொடுத்தால்தான் கொடை முழுமை பெறும். எவ்வுரிமை யாரிடம் சென்றது என்பதைச் செப்பேடு எழுதினோர் ஐயத்திற்கு இடமின்றி வரையறுத்தனர். கோவளத்தில் நிகழ்ந்தது இதற்கு மாறானது. 1970-லும் 2002-லும் நிகழ்ந்த மாற்றங்கள் இவ்வரையறையை வழக்கிற்கு இடமின்றிச் செய்யவில்லை. 2017-இல் காராண்மை ஒருவரிடமும், மீயாட்சி பற்றிய வழக்குரிமை மற்றொருவரிடமும் என இரண்டும் வெளிப்படையாகவே பிரிந்து நின்றன. விருந்தகத்தின் வாயிலைத் திறக்கவும் அடைக்கவும் வல்லது காராண்மையே. மீயாட்சி ஏட்டளவில் நிற்பது.

ஒப்பீடு

ஓர் அரண்மனை விடுதியாவது தவிர்க்க முடியாதது அன்று என்பதைத் திருவிதாங்கூரின் பிற மாளிகைகள் காட்டுகின்றன. இதே மகாராணி வாழ்ந்த பூசப்புரையின் சாட்டல்மண்ட் அரண்மனை இன்று ஸ்ரீசித்திரைத் திருநாள் மருத்துவ அறிவியல் தொழில்நுட்ப நிறுவனத்தின் ஆய்வுப் பிரிவாக விளங்குகிறது. இதயத்திற்கான செயற்கை அடைப்பிதழ் உருவான இடம் அது. அரச விருந்தினரை உபசரித்த கனகக்குன்று அரண்மனை கலைவிழாக்கள் நிகழும் பொதுவெளியாயிற்று. பத்மநாபபுரம் அரண்மனை 1956-இல் எல்லை மாறித் தமிழகத்திற்குள் வந்தபோதும், கேரளத் தொல்லியல் துறையின் காப்பில் உள்ளது. சிறிய நுழைவுக் கட்டணத்தில் எவரும் காணலாம். நிலம் ஒரு மாநிலத்தில், காப்பு மற்றொரு மாநிலத்தில் என்ற சிக்கலான ஏற்பாடு அங்கு இடையூறின்றி நடைபெறுகிறது. காரணம், இரு தரப்பும் அதனைப் பொதுச்சொத்தாக ஏற்றுள்ளமையே.

விடுதியாவதும் ஒரே முறையில் நிகழ்வதன்று. முதல் உலகப் போர்க்காலத்தில் ஆங்கிலப் படை அலுவலர் தங்குவதற்கென எழுந்த திருவனந்தபுரத்து மாஸ்கட் விடுதி, கேரளச் சுற்றுலா வளர்ச்சிக் கழகத்தின் பொறுப்பில் அமைந்தது. அங்கும் தங்குவோர் விலை கொடுத்தே தங்குகின்றனர். ஆயினும் அதன் உடைமை பற்றி இத்தகைய வழக்கு எழவில்லை. எனவே சிக்கல் விடுதித் தொழிலில் இல்லை; பொதுவுடைமை கைமாறிய முறையிலேயே உள்ளது.

தனியார் பொறுப்பிற்குச் சார்பான காரணத்தையும் கூறுதல் நடுநிலையாகும். கடற்காற்றின் உப்பும் மழையும் தாக்கும் பழங்கட்டடத்தைப் பேணப் பெரும்பொருள் வேண்டும். வருவாயின்றிக் கைவிடப்பட்ட மாளிகைகள் இடிந்து மறைந்தமை கண்கூடு. விடுதியாக வழங்குவதால் கட்டடம் உயிர்பெறுகிறது. ஊரார் பலர்க்கு வேலையும் கிடைக்கிறது. ஆனால் பேணுதற்கு உரிமை முழுவதையும் கைவிடுதல் வேண்டுமா என்பதே விடையிறுக்கப்படாத வினா. உடைமையைத் தன்னிடம் வைத்துக்கொண்டு, குறித்த காலத்திற்குக் குத்தகையாகக் காராண்மையை மட்டும் தெளிவுறக் கொடுத்திருப்பின், பேணுதலும் நிகழ்ந்திருக்கும், பொதுவுரிமையும் நின்றிருக்கும்.

முடிவுரை

இந்நிலப்பகுதியின் விருந்தோம்பல் வரலாற்றில் மூன்று நிலைகள் புலப்படுகின்றன. முதலாவது, அறம் கருதி உணவும் உறையுளும் அளித்து, பிறப்பை வாயிற்காவலாக வைத்த சாலை, ஊட்டுப்புரை நிலை. இரண்டாவது, அரச மாளிகை மக்களாட்சி அரசின் உடைமையாகி, கட்டணம் பெற்றாலும் மக்களின் பெயரால் நடத்தப்பட்ட நிலை. மூன்றாவது, பொருள் வளமே வாயிற்காவலாக அமைந்த தனியார் சொகுசு விடுதி நிலை. பிறப்பு என்னும் தடை போராட்டங்களால் தகர்ந்தது. அதனிடத்தில் விலை என்னும் தடை வந்து நின்றது. இவ்விரு தடைகளுக்கும் இடையே, கோவளம் அரண்மனை மக்களுடைமை என ஐயமின்றிக் கூறத்தக்க காலம் 1964 முதல் 2002 வரையான முப்பத்தெட்டு ஆண்டுகளே.

அரண்மனைகளையும் பழம்பெரும் விடுதிகளையும் கைமாற்றும் அரசுகள் கட்டடத்தின் விலையை மட்டும் மதிப்பிடுகின்றன. எவ்வுரிமை செல்கிறது, எது நிற்கிறது என்பதைச் செப்பேடு எழுதியோர் போல வரையறுத்தல் வேண்டும். அவ்வாறு வரையறுக்கத் தவறின், பின்வரும் சட்டங்களாலும் அதனை மீட்டல் அரிது என்பதே கோவளம் அரண்மனையின் வரலாறு தரும் படிப்பினையாகும்.