மரத்திலிருந்து ஆளுக்கு, ஆளிடமிருந்து பூவுக்கு

1753ஆம் ஆண்டு ஸ்டாக்ஹோமில் அச்சான ‘ஸ்பீசீஸ் பிளான்டாரம்’ என்னும் லத்தீன் நூலின் 631ஆம் பக்கத்தில் ‘லின்னேயா போரியாலிஸ்’ என்றொரு செடி வருகிறது. நூலாசிரியர் பெயர் கார்ல் லின்னேயஸ். தம் பெயரைத் தாமே ஒரு செடிக்குச் சூட்டிக்கொண்டாரா என்று கேட்டால், தாவரப் பெயர்ப் பட்டியல்கள் ஆமாம் என்றுதான் சொல்லும். செடியின் பெயரை அடுத்து, அந்தப் பெயரை வைத்தவரைக் குறிக்கும் சுருக்கத்தை எழுதுவது தாவரவியல் வழக்கம். இந்தச் செடிக்கு அது ‘எல்.’ என்ற ஒற்றை எழுத்து. நெல், தென்னை, புளி, மா ஆகியவற்றின் அறிவியல் பெயர்களுக்குப் பின்னால் நிற்பதும் இதே ‘எல்.’தான். ஒரே எழுத்தைச் சொன்னால் ஆள் யாரென்று விளங்கிவிடும் பெருமை லின்னேயஸுக்கு.

தன் பெயரைத் தானே வைத்துக்கொள்வது அன்றும் அழகல்ல, இன்றும் அழகல்ல. தாவரங்களுக்குப் பெயரிடுவதற்கான சர்வதேச விதிநூலில் அதற்குத் தடை ஏதுமில்லை. ஆனாலும் துணிபவர் அரிது. துணிந்தால் சக ஆய்வாளர்கள் சிரிப்பார்கள். லின்னேயஸும் இதை அறியாதவரல்லர். எனவே அந்தப் பெயர் 631ஆம் பக்கத்துக்கு வந்து சேர்ந்த வழி கொஞ்சம் சுற்றுவழி.

பூவிலிருந்து தொடங்கினால் பாதிக் கதையிலிருந்து தொடங்கியதாகிவிடும். அந்தச் சொல் பூவுக்குப் போவதற்கு முன் ஓர் ஆளிடம் இருந்தது. ஆளிடம் வருவதற்கு முன் ஒரு மரத்தில் இருந்தது. தெற்கு ஸ்வீடனின் ஸ்மோலாந்துப் பகுதியில் 17ஆம் நூற்றாண்டுக் குடியானவர்களுக்குக் குடும்பப் பெயர் கிடையாது. நம்மைப் போலத் தகப்பன் பெயர்தான். இங்கெமார் மகன் நில்ஸ் என்றால் ‘நில்ஸ் இங்கெமார்சன்’. இந்த நில்ஸ் பாதிரியாராவதற்காக லுண்ட் பல்கலைக்கழகத்துக்குப் படிக்கப் போனபோது நிலையான குடும்பப் பெயர் ஒன்று தேவைப்பட்டது. குடும்ப நிலத்தில் நின்ற பெரிய லிண்ட் மரம் அவர் நினைவுக்கு வந்தது. அந்தப் பக்கத்துப் பேச்சில் அதை ‘லின்’ என்பார்கள். அதற்கு ஒரு லத்தீன் விகுதியைச் சேர்த்து ‘லின்னேயஸ்’ ஆனார்.

நம் ஊரில் இல்லாத மரம் இது. இதய வடிவ இலை, வெளிர்மஞ்சள் பூ, தேன் மணம். இன்றைய வகைப்பாட்டில் பூவரசும் பருத்தியும் இருக்கும் குடும்பத்தில் இதையும் சேர்த்திருக்கிறார்கள். ஆகவே பூவரச இலையை மனத்தில் வைத்துக்கொண்டால் பெரிய தவறில்லை. இதே மரத்திலிருந்து உறவுக்காரர்கள் இன்னும் இரண்டு பெயர்களை எடுத்துக்கொண்டார்கள். ஒரு கிளையினர் ‘லிண்டேலியஸ்’. மற்றொரு கிளையினர், மரத்தின் லத்தீன் பெயரான டிலியாவைக் கொண்டு ‘டிலியாண்டர்’. நில்ஸின் மூத்த மகனாக 1707இல் பிறந்தவர் கார்ல். ‘லின்னே’ என்பதுதான் அசல் ஸ்வீடிஷ் பெயர், ‘லின்னேயஸ்’ அதன் லத்தீன் வேடம் என்று பல புத்தகங்களில் எழுதியிருக்கும். நடந்தது அதற்குத் தலைகீழ். அவர் பிறக்கும்போதே லின்னேயஸ். ‘லின்னே’ ஐம்பது வயதுக்குப் பின் பிரபுப் பட்டத்தோடு வந்தது.

1732 மே மாதம், இருபத்தைந்து வயது நிறையப்போகும் தறுவாயில், கார்ல் உப்சாலாவிலிருந்து தனியே குதிரையேறி வடக்கே லாப்லாந்துக்குப் புறப்பட்டார். செலவை உப்சாலா அறிவியல் கழகம் ஏற்றுக்கொண்டது. அந்த ஊசியிலைக் காடுகளில், பாசி படர்ந்த தரையோடு தரையாக ஓடும் ஒரு கொடி உண்டு. பசுமை மாறாத சின்னஞ்சிறு வட்ட இலைகள். கோடையில் விரல் நீளத்துக்கு ஒரு காம்பு எழும்பி, நுனியில் இரண்டாகப் பிரிந்து, பிரிவுக்கு ஒன்றாக இரண்டு இளஞ்சிவப்பு மணிகளைத் தொங்கவிடும். நல்ல வாசனை. குனிந்து பார்க்காதவன் மிதித்துக்கொண்டு போவான்.

இது லின்னேயஸ் கண்டுபிடித்த செடியல்ல. ஸ்வீடன் நாட்டார் கீல்வாதத்துக்கு இதை மருந்தாக்கி, ‘கீல்வாதப் புல்’ என்று பொருள்படும் பெயரால் அழைத்துவந்தார்கள். ஏட்டிலும் அதற்கு இடமிருந்தது. சுவிட்சர்லாந்தின் காஸ்பார் பௌஹின் 1620லேயே அதைக் ‘கம்பானுலா செர்பில்லிஃபோலியா’ என்று பதிவு செய்திருந்தார். தைம் இலை போன்ற இலையுள்ள மணிப்பூ என்று அர்த்தம். லின்னேயஸ் பூவைப் பிரித்து மகரந்தத் தாள்களை எண்ணினார். மணிப்பூ இனத்தில் ஐந்து இருக்கும். இதில் நான்குதான், அதிலும் இரண்டு நீளம், இரண்டு குட்டை. எனவே இதைத் தனிப் பேரினமாகப் பிரிக்க வேண்டும், புதுப்பெயர் வேண்டும். இதுவரை எல்லாம் முறையான தாவரவியல்.

1735இல் அவர் ஹாலந்து போனார். லைடன் நகரில் மருத்துவரும் தாவரவியலாளருமான யான் ஃபிரடெரிக் குரோனோவியஸின் நட்பு கிடைத்தது. லின்னேயஸின் முதல் பெருநூலான ‘சிஸ்டமா நாச்சுரே’ அச்சாகப் பணம் கொடுத்தவர்களில் குரோனோவியஸ் ஒருவர். பெயரில்லாமல் நின்ற வடநாட்டுச் செடிக்கு ‘லின்னேயா’ என்று பெயர் வைத்தவரும் அவர்தான். 1737இல் அந்தப் பெயர் அச்சில் வந்தது, லின்னேயஸின் சொந்த நூல்களில். செடிக்குப் பெயர் வைக்கும் முறை பற்றி அதே ஆண்டில் அவர் எழுதிய ‘கிரிட்டிகா பொட்டானிகா’வில் ஒரு விளக்கமும் கொடுத்தார். பெயர் குரோனோவியஸ் வைத்தது. செடி தாழ்ந்தது, அற்பமானது, யாரும் பொருட்படுத்தாதது, கொஞ்ச காலமே பூப்பது. தன்னை ஒத்த லின்னேயஸின் பெயரை அது பெற்றது என்பது அதன் சாரம்.

இந்தப் பணிவை நான் முழுதாக நம்பவில்லை. தம் வாழ்க்கை வரலாற்றைப் பலமுறை, அதுவும் படர்க்கையில், எழுதிவைத்து, தம்மைவிடப் பெரிய தாவரவியலாளர் எவரும் இருந்ததில்லை என்று அதில் பதிந்த மனிதர் இவர். தம்மை அற்பம் என்று சொல்லிக்கொள்வதற்கும் ஓர் அச்சுநூலில் இடம் ஒதுக்கினார் என்றுதான் எடுத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. அதே சமயம் பூ மீது அவருக்கிருந்த ஆசை பொய்யில்லை. வாழ்நாள் முழுக்க அது விடவேயில்லை.

ஆள் பெயரைச் செடிக்கு வைக்கும் பழக்கத்தை அவர் தொடங்கவில்லை. அமெரிக்கத் தீவுகளில் செடி சேகரித்த பிரெஞ்சுத் துறவி சார்ல் ப்ளூமியே அவருக்கு முன்பே தாவரவியலாளர் பெயர்களாகப் பார்த்துச் சூட்டிக்கொண்டிருந்தார். அவர் பெயரே ‘ப்ளூமேரியா’ என்று நம் கோயில் வாசல்களில் நிற்கும் ஈழத்தலரிக்கு வந்துவிட்டது. ஆனால் பெயருக்கும் செடிக்கும் ஒரு பொருத்தம் காட்ட வேண்டும் என்று லின்னேயஸ் மெனக்கெட்டார். மந்தாரை ‘பௌஹினியா’, அதன் இலை நடுவில் பிளந்து இரண்டு மடலாக இருப்பது யோஹான், காஸ்பார் என்ற பௌஹின் சகோதரர் இருவருக்கும் பொருந்துகிறதாம். வயல் வரப்பில் மண்டும் கானாவாழை ‘கோமெலினா’. அதன் மூன்று இதழ்களில் இரண்டு எடுப்பான நீலம், மூன்றாவது சிறுத்தது. ஹாலந்தின் கோமெலின் குடும்பத்தில் இருவர் பேர்பெற்ற தாவரவியலாளர். மூன்றாமவர் எதுவும் சாதிக்குமுன் இறந்துபோனார். களையெடுக்கும்போது கையில் வரும் பூவில் இப்படியொரு குடும்ப வரலாறு ஒளிந்திருப்பதை எந்தத் தோட்டக்காரரும் ஊகிக்க முடியாது.

பகையும் இதே வழியில் ஏறியது. செடிகளுக்கு ஆண் பெண் உறுப்புகளை எண்ணி வகைபிரிப்பது ஆபாசம் என்று யோஹான் சீகெஸ்பெக் என்பவர் அவரைத் தாக்கினார். ‘சீகெஸ்பெக்கியா’ என்ற பெயர் வாய்த்தது ஒட்டும் பிசுபிசுப்புள்ள ஒரு களைக்கு. நீலகிரிச் சரிவுகளில் நடந்தால் இன்றும் அது துணியில் ஒட்டிக்கொள்ளும்.

நண்பர்களுக்குப் பரிசும் எதிரிக்குக் குட்டுமாகப் பெயர்களைப் பங்கிட்டவர், தம் பங்கை இன்னொருவர் கையால் பெற்றுக்கொண்டார். பத்தொன்பதாம், இருபதாம் நூற்றாண்டுத் தாவரவியலாளர்கள் அந்த ஏற்பாட்டைத் தம்மையறியாமலே கலைத்துவிட்டார்கள். பெயர்க் குழப்பம் தீர ஒரு தொடக்கக் கோடு வேண்டியிருந்தது. ‘ஸ்பீசீஸ் பிளான்டாரம்’ வெளிவந்த நாளாகக் கொள்ளப்படும் 1753 மே 1ஐ அந்தக் கோடாக வைத்தார்கள். அதற்கு முந்தைய பெயர்கள் எதுவும் செல்லாது. 1737இன் குரோனோவியஸ் கோட்டுக்கு அந்தப் பக்கம் நின்றுவிட்டார். ‘லின்னேயா’ சட்டப்படி பிறந்தது 1753இல், பெற்றவர் லின்னேயஸ். சில பட்டியல்களில் குரோனோவியஸ் பெயரையும் மரியாதைக்குச் சேர்த்து எழுதுவதுண்டு. அவ்வளவுதான் அவருக்கு மிஞ்சியது.

பூ மெல்ல அவருடைய முத்திரையாயிற்று. 1737இல் மார்ட்டின் ஹோஃப்மான் தீட்டிய ஓவியத்தில் லாப்லாந்தின் சாமி பழங்குடியினர் உடையில், இடுப்பில் மேளத்தோடு, கையில் இந்தப் பூவோடு நிற்கிறார். 1739இல், திருமணமான ஆண்டில், ஷெஃபெல் தீட்டிய ஓவியத்திலும் கையில் அதுவே. ஸ்வீடிஷ் கிழக்கிந்தியக் கம்பெனிக் கப்பல் வழியாகச் சீனாவில் பீங்கான் பாத்திரங்கள் செய்வித்தபோது அவற்றிலும் இந்த இரட்டை மணிகளை வரையச் சொன்னார். பிரபுப் பட்டத்தோடு ‘ஃபான் லின்னே’ ஆனதும் குடும்பச் சின்னம் வந்தது: இயற்கையின் மூன்று உலகங்களுக்கு மூன்று நிறம், நடுவில் ஒரு முட்டை, தலைக்கவசத்தின் மேல் லின்னேயா. லத்தீன் விகுதி ஆளின் பெயரிலிருந்து உதிர்ந்துவிட்டது. பூவில் அது அப்படியே இருக்கிறது.

அவருடைய மாணவர்கள் உலகெங்கும் போனார்கள். யோஹான் கெர்ஹார்ட் கோனிக் 1768இல் டேனிஷ்காரர்கள் வசமிருந்த தரங்கம்பாடிக்கு மருத்துவராக வந்தார். அதற்கு முந்தைய ஆண்டே, அவர் முன்பு சுற்றிய ஐஸ்லாந்தின் ஒரு குட்டிச் செடிக்கு ‘கோனிகியா’ என்று ஆசிரியர் பெயர் சூட்டியிருந்தார். பிறகு 1771இல் கறிவேப்பிலை ‘பெர்கெரா கோனிகியை’ ஆயிற்று. பின்னாளில் அதை ‘முர்ராயா’ பேரினத்துக்கு மாற்றினார்கள். அந்தப் பெயருக்குரிய முர்ரேயும் லின்னேயஸின் மாணவரே. இப்போது மறுபடி பழைய பெர்கெராவுக்கே பலர் திரும்பிவிட்டார்கள். எந்தப் பக்கம் போனாலும் ‘கோனிகியை’ மாறவில்லை. தாளிக்கும்போது நாம் கிள்ளிப் போடுவது தரங்கம்பாடி மருத்துவரின் பெயரை. கோனிக் இதைத் தாமே செய்துகொள்ள வேண்டியிருக்கவில்லை. வாத்தியார் இருந்தார்.

ஸ்வீடனில் ‘லின்னேயா’ ஏட்டை விட்டுத் தெருவுக்கு வந்து வெகு காலமாகிறது. ஊரார் அதை ‘லின்னேயா’ என்றே சொல்கிறார்கள், பழைய கீல்வாதப் புல் பின்னுக்குப் போய்விட்டது. ஸ்மோலாந்துக்கு அதுவே மாநில மலர். பெண் குழந்தைகளுக்கு அது மிகப் பழக்கமான பெயர். பெயர் வைக்கும் தாய் தகப்பனுக்குத் தாவரவியலாளர் நினைவு வர வேண்டிய அவசியமில்லை. பூ நினைவு வந்தால் போதும். ஒரு மரத்தின் பெயர் பல தலைமுறை கடந்து பெண் பெயராகிவிட்டது என்பதை யோசித்தால் எனக்கு ‘பூங்கொடி’ போன்ற நம் பெயர்களின் நேர்வழிதான் எளிது என்று படுகிறது. செடி வடதுருவத்தைச் சுற்றி சைபீரியா, ஜப்பான், அலாஸ்கா, கனடா என்று பரவியிருப்பதால் சொல்லும் கூடவே போயிற்று. ஜப்பானியர் ‘ரின்னெ-சோ’ என்கிறார்கள், லின்னேயின் செடி என்று பொருள். தம்பதிப் பூ என்னும் பொருளில் அவர்களுக்கு இன்னொரு பெயரும் உண்டு. எனக்கு அதுதான் பூவைப் பார்த்து வைத்த பெயராகத் தோன்றுகிறது.

2013இல் ஒரு வேடிக்கை நடந்தது. அதுவரை லின்னேயா பேரினத்தில் போரியாலிஸ் ஒன்றே தனியாள். மரபணு உறவுகளைக் காட்டி, தோட்டங்களில் வேலிக்கு வளர்க்கும் அபேலியாவையும், கோல்க்விட்சியா, டிபெல்டா, வெசாலியா ஆகியவற்றையும் லின்னேயாவுக்குள் சேர்க்கலாம் என்று ஓர் ஆய்வுக் கட்டுரை வந்தது. இரண்டு பேரினங்கள் இணைந்தால் மூத்த பெயரே நிலைக்கும் என்பது விதி. 1753ஐவிட மூத்தது ஏது? கிளார்க் ஏபல், ரிச்சர்ட் கோல்க்விட்ஸ், உடற்கூற்றியல் மேதை வெசாலியஸ் என மூவர் பெயர்களை, தம்மை அற்பம் என்று எழுதிய மனிதரின் பெயர் விழுங்கப் பார்த்தது. சிலர் ஏற்றார்கள், சிலர் மறுத்துப் பழையபடி பிரித்து எழுதுகிறார்கள். நாற்றுப் பண்ணைக்காரர்கள் அபேலியாவை அபேலியா என்றேதான் விற்கிறார்கள்.

பெயர் இப்படி விரிந்து சுருங்கிக்கொண்டிருக்க, ஸ்காட்லாந்தில் செடி சுருங்கிக்கொண்டு மட்டும் இருக்கிறது. அங்கே கெய்ர்ங்கோர்ம் மலைப்பக்கத்துப் பைன் காடுகளில் இங்கொரு திட்டும் அங்கொரு திட்டுமாகத்தான் மிச்சம். பல திட்டுகளில் பூ நிறையப் பூக்கிறது, விதை பிடிப்பதில்லை. ஓடிப் படரும் கொடி என்பதால் ஒரு திட்டு முழுவதும் பெரும்பாலும் ஒரே செடியின் நகல்கள். லின்னேயா தன் மகரந்தத்தைத் தானே ஏற்காத செடி. வேறொரு செடியின் மகரந்தம் வந்தாக வேண்டும். அதைச் சுமக்கும் ஈக்களும் சிறு பூச்சிகளும் சில மீட்டருக்கு மேல் கொண்டுபோவதில்லை. அடுத்த திட்டோ வெகு தொலைவில். அதனால் காடு காப்பவர்கள் ஒரு திட்டிலிருந்து தண்டை வெட்டி வேர்விட வைத்து, இன்னொரு திட்டுக்குப் பக்கத்தில், பூச்சிக்கு எட்டும் தூரத்தில் நட்டுவருகிறார்கள்.