ஸ்பென்சர் கணக்கர் வாத்தியாரான கதை

சென்னையிலிருந்து பெங்களூர் போகும் நெடுஞ்சாலையில் பூந்தமல்லியைத் தாண்டிவிட்டால் கண்ணில் படுவதெல்லாம் கம்பெனிதான். இருங்காட்டுக்கோட்டை, ஸ்ரீபெரும்புதூர், சுங்குவார்சத்திரம். அங்கிருந்து தெற்கே இறங்கினால் ஒரகடம், வல்லம். 1996-ல் ஹுண்டாய்க்கு அடிக்கல் நாட்டினார்கள், 1998-ல் முதல் கார் வெளியே வந்தது. 2006-ல் நோக்கியா வந்தது, 2010-ல் ஒரகடத்தில் ரெனோ-நிசான். அதற்கு முன்பு ஏரியும் நெல்வயலுமாகக் கிடந்த பூமி இது. ஸ்ரீபெரும்புதூர் என்றால் ராமானுஜர் பிறந்த ஊர் என்றுதான் அப்போது எல்லோருக்கும் தெரியும்.

இந்தக் கம்பெனி பஸ்களில் ஷிப்ட் முடிந்து திரும்பும் பிள்ளைகளிடம் பேசிப் பார்த்தால் ஒரு பேச்சு அடிக்கடி வரும். "பேசாம பி.எட். படிச்சு வாத்தியார் வேலைக்குப் போயிருக்கலாம்." சிலர் சும்மா சொல்கிறார்கள், சிலர் நிஜமாகவே சொல்கிறார்கள். ஏதோ இந்தக் காலத்துச் சலிப்பு என்று இதை ஒதுக்கிவிட முடியாது. நூறு வருஷத்துக்கு முன்பே இந்தப் பக்கத்துக்காரர் ஒருவர் நல்ல கம்பெனி வேலையை உதறிவிட்டு வாத்தியாராகப் போனார். அவர் பெயர் திருவாரூர் விருத்தாசல கல்யாணசுந்தரம். திரு.வி.க. என்றால் எல்லோருக்கும் தெரியும்.

பெயரில் திருவாரூர் இருந்தாலும் அது முன்னோர்களின் ஊர். அவர் பிறந்தது 1883 ஆகஸ்ட் 26-ல், போரூருக்குப் பக்கத்தில் உள்ள துள்ளம் என்ற சிற்றூரில். அந்த ஊரை இப்போது தண்டலம் என்கிறார்கள். சேக்கிழார் பிறந்த குன்றத்தூர் அங்கிருந்து கிட்டத்தில்தான். முதல் எழுத்தைச் சொல்லிக் கொடுத்தவர் அப்பா விருத்தாசல முதலியார். பிறகு குடும்பம் சென்னை ராயப்பேட்டைக்குப் போனது. அங்கே பள்ளியில் சேர்த்த கொஞ்ச நாளிலேயே பையனுக்குக் கை கால் முடங்கும் அளவுக்கு நோய் வந்து, சில வருஷங்கள் படிப்பு நின்றே போனது. மறுபடி தொடங்கி வெஸ்லி பள்ளியில் சேர்ந்தார்.

வெஸ்லி பள்ளியில் அவருக்குத் தமிழாசிரியராக வாய்த்தவர் யாழ்ப்பாணத்து நா. கதிரைவேற்பிள்ளை. பெரிய பண்டிதர், அகராதி தொகுத்தவர். மேடை ஏறினால் சண்டைக்காரரும் கூட! ராமலிங்க அடிகளின் பாடல்கள் அருட்பாவா மருட்பாவா என்று அப்போது பெரிய போர் நடந்துகொண்டிருந்தது. மருட்பா என்று வாதாடிய பக்கத்தில் முன்னால் நின்றவர் கதிரைவேற்பிள்ளை. விவகாரம் முற்றி 1904-ல் அவர் மேல் மானநஷ்ட வழக்குப் போட்டார்கள். குருவுக்காகச் சாட்சி சொல்ல மாணவர் கோர்ட்டுக்குப் போனார். அதே சமயத்தில் பள்ளி இறுதித் தேர்வு நடந்தது, அதை எழுத முடியாமல் போயிற்று. திரு.வி.க.வின் பள்ளிப் படிப்பு அதோடு முடிந்தது. ஒரு தேர்வை அடுத்த வருஷம் எழுதினால் ஆயிற்று என்று இன்று தோன்றும். ஆனால் அவர் எழுதவில்லை.

1907-ல் கதிரைவேற்பிள்ளை நீலகிரியில் காலமானார். குரு போய்விட்டார், கையில் சர்டிபிகேட்டும் இல்லை, வீட்டுக்கோ வருமானம் வேண்டும். இந்த நிலையில்தான் மவுண்ட் ரோட்டில் ஸ்பென்சர் கம்பெனியில் கணக்கு எழுதும் வேலை கிடைத்தது.

அந்தக் காலத்து ஸ்பென்சர் எப்பேர்ப்பட்ட இடம் என்பதைக் கொஞ்சம் நினைத்துப் பார்க்க வேண்டும். வெள்ளைக்காரத் துரைகளும் ஜமீன்தார்களும் சாமான் வாங்கும் கடை. 1890-களில் எழும்பிய அந்தச் சிவப்புக் கட்டடத்தை வேடிக்கை பார்க்கவே ஆட்கள் வருவார்களாம். பள்ளி இறுதி கூட முடிக்காத ஒருவருக்கு அங்கே மேஜை நாற்காலி கிடைப்பது லேசான விஷயமில்லை. இன்றைக்கு நம் ஊரில் ஒரு பன்னாட்டுக் கம்பெனியில் நிரந்தர வேலை கிடைத்த மாதிரி என்று வைத்துக்கொள்ளலாம்.

ஆனால் அவர் அங்கே சேர்ந்த நேரம் அப்படிப்பட்டது. 1906-ல் வ.உ.சி. சுதேசிக் கப்பல் கம்பெனியைத் தொடங்கியிருந்தார். 1907 மே மாதம் விபின் சந்திர பாலர் சென்னைக் கடற்கரையில் தொடர்ந்து பேசினார். 1908 மார்ச்சில் வ.உ.சி.யையும் சுப்பிரமணிய சிவாவையும் கைது செய்தார்கள், ஜூலையில் திலகருக்குத் தண்டனை விதித்து, பிறகு மாண்டலேக்கு அனுப்பினார்கள். சுதேசிப் பத்திரிகைகளை விழுந்து விழுந்து படித்துக்கொண்டிருந்த ஒரு இளைஞன், பகல் முழுவதும் ஒரு ஆங்கிலேயக் கம்பெனிக்குச் சீமைச் சரக்கின் கணக்கை எழுதிக்கொண்டிருக்க வேண்டும். எத்தனை நாளைக்கு முடியும்? வேலையை விட்டு வெளியே வந்துவிட்டார்.

இதைத் தேசபக்தி என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுவது பாடப்புத்தகங்களின் வழக்கம். அது உண்மைதான், ஆனால் பாதி உண்மை. அவருடைய மனம் வெகு நாளாகவே தமிழில்தான் இருந்தது. கதிரைவேற்பிள்ளை இறந்த பிறகு மயிலை தணிகாசல முதலியாரிடம் போய் இலக்கணமும் இலக்கியமும் சைவ சாத்திரமும் முறையாகப் பாடம் கேட்டார். பட்டம் எதுவும் தராத படிப்பு அது. அவருக்கு ஆசிரியப் பயிற்சி என்று ஒன்று இருந்தது என்றால் அது இதுதான். அரசாங்கத்தின் ஆசிரியப் பயிற்சிப் பள்ளி சென்னையில் 1856-லேயே ஏற்பட்டுவிட்டது. பின்னாளில் சைதாப்பேட்டை ஆசிரியர் கல்லூரி ஆனதும் அதுதான். ஆனால் மெட்ரிகுலேஷன் இல்லாதவருக்கு அந்த வழி ஏது?

அவருக்குக் கதவு திறந்தது ஆயிரம் விளக்கில் இருந்த வெஸ்லியன் மிஷன் பள்ளி. இதில் ஒரு வேடிக்கை உண்டு. ஸ்பென்சர் இருக்கும் அதே மவுண்ட் ரோட்டில் கொஞ்ச தூரம் நடந்தால் ஆயிரம் விளக்கு வந்துவிடும். தெருவைக் கூட மாற்றாமல் வாழ்க்கையை மாற்றிக்கொண்ட மனிதர்! அங்கே ஆறு வருஷம் போல வாத்தியாராக இருந்தார். பிறகு, தாம் படித்த ராயப்பேட்டை வெஸ்லியிலேயே தலைமைத் தமிழாசிரியர் ஆனார். தேர்வு எழுதாமல் எந்தப் பள்ளியை விட்டுப் போனாரோ, அதே பள்ளி அவரைக் கூப்பிட்டு நாற்காலி கொடுத்தது.

நெற்றி நிறைய நீறு பூசிய சைவர் ஒரு கிறிஸ்தவ மிஷன் பள்ளியில் எப்படி ஒத்துப்போனார் என்று கேட்கலாம். அவர் பைபிளையும் ஆழ்ந்து படித்தவர். பிற்காலத்தில் 'கிறிஸ்துவின் அருள் வேட்டல்' என்று ஒரு நூலே எழுதினார். அருட்பாப் போரில் குருவோடு நின்ற அதே மனிதர் பிறகு ராமலிங்க அடிகளைப் போற்றியும் எழுதினார். மாணவர்களோடு இருந்த அந்த வருஷங்களில்தான் அவருடைய கூர்முனைகள் மழுங்கியிருக்க வேண்டும்.

அதே காலத்தில் வேறு சிலரும் இப்படித்தான் தடம் மாறினார்கள். நாமக்கல் கவிஞர் ராமலிங்கம் பிள்ளை தாலுகா ஆபீஸ் குமாஸ்தாவாக இருந்து, பிறகு தொடக்கப் பள்ளி வாத்தியார் ஆனவர். பாரதியார் நேர் எதிர். 1904-ல் மதுரை சேதுபதி பள்ளியில் சில மாதம் தமிழ் சொல்லிக் கொடுத்துவிட்டு 'சுதேசமித்திரன்' பக்கம் போய்விட்டார்.

திரு.வி.க.வும் வாத்தியாராகவே இருந்துவிடவில்லை. 1912-ல் கமலாம்பிகையை மணந்தார். இரண்டு குழந்தைகள் பிறந்தார்கள். 1918-க்குள் மனைவி, குழந்தைகள் மூவருமே போய்விட்டார்கள். அவர் மறுமணம் செய்துகொள்ளவில்லை. 1917 டிசம்பரில் 'தேசபக்தன்' நாளிதழுக்கு ஆசிரியராகப் போனார். அதாவது பள்ளி ஆசிரியர் பத்திரிகை ஆசிரியர் ஆனார்.

அடுத்த வருஷம் நடந்ததுதான் தொழிற்சாலைப் பகுதியில் இருக்கிறவர்கள் தெரிந்துகொள்ள வேண்டியது. பெரம்பூரில் பின்னி ஆலை. பக்கிங்ஹாம், கர்நாடிக் என்று இரண்டு மில்கள், ஆயிரக்கணக்கில் தொழிலாளிகள். சாப்பாட்டு நேரம் போதவில்லை, மேஸ்திரிகளின் அடி உதை வேறு. அந்தப் பக்கத்தில் வெங்கடேச குணாமிர்த வர்ஷணி சபை என்று ஒரு பக்தி சபை. அதை நடத்தி வந்த செல்வபதி செட்டியார், ராமானுஜலு நாயுடு ஆகியோரிடம் தொழிலாளிகள் தங்கள் குறைகளைச் சொல்லி அழுதார்கள். சமயச் சொற்பொழிவுக்கு வந்த கூட்டம் மெதுவாகச் சங்கம் ஆனது. 1918 ஏப்ரல் 27-ல் சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்தது. பி.பி. வாடியா தலைவர், திரு.வி.க. துணைத் தலைவர். முறையாக அமைந்த இந்தியத் தொழிற்சங்கங்களில் முதலாவது என்று இதைத்தான் சொல்வார்கள்.

வாடியா பார்சிக்காரர், ஆங்கிலத்தில் பேசுவார். தொழிலாளிக்குப் புரியும்படி எடுத்துச் சொல்லத் திரு.வி.க. வேண்டியிருந்தது. வேலைநேரம், கூலி, உரிமை, ஒற்றுமை என்று அவர் மேடையில் சொன்னதெல்லாம் பாடம் நடத்துவது போலவே இருந்திருக்கும். வகுப்பறையில் பழகிய நாக்கு அது. சங்கம் அமைப்பதற்கென்று அப்போது சட்டம் கிடையாது. கம்பெனி வழக்குப் போட்டு, ஹைகோர்ட் வாடியாவுக்குத் தடை போட்டது. தொழிற்சங்கச் சட்டம் 1926-ல்தான் வந்தது. நடுவில் 1921-ல் பின்னி வேலைநிறுத்தம் மாதக்கணக்கில் நீடித்து, துப்பாக்கிச் சூடும் சாதிக் கலவரமுமாகத் தோல்வியில் முடிந்தது. கவர்னர் வில்லிங்டன் திரு.வி.க.வை நாடு கடத்துவதாக மிரட்டிய கதையும் அப்போது நடந்ததுதான்.

துள்ளத்துக்கு மேற்கே ஸ்ரீபெரும்புதூர் வட்டாரத்தில் நூறு வருஷம் கழித்தும் இதே பேச்சு ஓயவில்லை. சுங்குவார்சத்திரத்தில் சாம்சங் தொழிலாளர்கள் 2024 செப்டம்பர் 9 முதல் 37 நாள் வேலைநிறுத்தம் செய்தார்கள். முக்கியமான கோரிக்கை சங்கத்தைப் பதிவு செய்வது. 2025 ஜனவரியில்தான் அது பதிவானது.

சரி, வாத்தியார் ஆசைக்கு வருவோம். 2014 நவம்பர் 1-ல் நோக்கியா ஆலை மூடப்பட்டது. உச்சத்தில் சுமார் 8,000 பேர் வேலை செய்த இடம், பெரும்பாலும் இளம் பெண்கள். விருப்ப ஓய்வுப் பணத்தை வாங்கிக்கொண்டு வெளியே வந்தவர்களுக்கு இருபது, இருபத்தைந்து வயதுதான். திரும்பப் படித்து டீச்சர் ஆகலாம் என்று நினைத்தவருக்கு என்ன வழி இருந்தது? 2015-16 முதல் பி.எட். இரண்டு வருஷப் படிப்பு ஆகிவிட்டது. அதற்கு முன் ஒரு பட்டம் வேண்டும். தினமும் கல்லூரிக்குப் போக வேண்டும், பள்ளிகளில் பயிற்சிக்கும் போக வேண்டும். ஷிப்ட் வேலை பார்த்துக்கொண்டே செய்கிற காரியமில்லை. தபால் வழி பி.எட். ஏற்கெனவே ஆசிரியராக இருப்பவர்களுக்கும் ஆசிரியர் பயிற்சி முடித்தவர்களுக்கும்தான்.

படித்து முடித்தால் தகுதித் தேர்வு. 2012 ஜூலையில் தமிழ்நாட்டில் முதல் தடவை இந்த 'டெட்' நடந்தபோது ஆறரை லட்சத்துக்கும் மேற்பட்டோர் எழுதி, தேறியவர்கள் வெறும் 2,448 பேர்! நூற்றைம்பதுக்குத் தொண்ணூறு எடுக்க வேண்டியிருந்தது. அதைத் தாண்டினாலும் வேலை உறுதியில்லை. நியமனத்துக்குத் தனியாகப் போட்டித் தேர்வு என்று 2018-ல் ஆணை வந்தது. பள்ளி இறுதித் தேர்வு எழுதாத கல்யாணசுந்தரம் இன்று வந்தால் விண்ணப்பப் படிவத்தின் முதல் பக்கத்தையே தாண்ட முடியாது. தரம் வேண்டும் என்பது நியாயமான வாதம்தான். ஆனால் மாதச் சம்பளத்தை நம்பி வீடு நடத்துகிறவர் இரண்டு வருஷம் சம்பளமில்லாமல் எப்படிப் படிப்பார் என்பதை அந்த வாதத்தில் யாரும் கணக்கில் எடுப்பதில்லை.

திரு.வி.க. 1953 செப்டம்பர் 17-ல் காலமானார். கடைசிக் காலத்தில் கண் தெரியாமல், சொல்லச் சொல்லப் பிறர் எழுதித்தான் நூல்கள் வந்தன. அவர் கணக்கு எழுதிய ஸ்பென்சர் கட்டடம் 1980-களில் தீப்பற்றி எரிந்து, அந்த இடத்தில் ஸ்பென்சர் பிளாசா எழுந்தது. ராயப்பேட்டை வெஸ்லி பள்ளியில் இப்போதும் வகுப்பு நடக்கிறது.