ஆயுத பூஜைக்கு மறுவாரம்

அம்பத்தூர் எஸ்டேட்டில் நான் இன்ஸ்பெக்டராக இருந்த லேத் ஷெட்டுக்கு ஜப்பான்காரர் ஒருவர் வரப்போகிறார் என்றதும் முதலாளி செய்த முதல் வேலை, மெஷின்களுக்குப் பச்சைப் பெயின்ட் அடித்தது. தரையைச் சுரண்டிக் கழுவினோம். வழக்கமாக ஆயுத பூஜைக்குச் செய்வதுதான். பூசணிக்காய் மட்டும் உடைக்கவில்லை.

வந்தவர் மாலையைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, நேரே ரிஜெக்‌ஷன் தொட்டிக்குப் போய்க் குனிந்தார். ஒரு ஜாபை எடுத்து, லேத்தில் நின்றவரிடம் நீட்டி, ‘இது ஏன்?’ என்று மொழிபெயர்ப்பாளர் வழியாகக் கேட்டார். முதலாளி பதில் சொல்ல ஆரம்பித்தார். ஜப்பான்காரர் அவர் பக்கம் திரும்பவே இல்லை. ஆபரேட்டரையே பார்த்துக்கொண்டு நின்றார். ஒரு நிமிஷம் போயிருக்கும்.

“சாயங்காலம் ஆனா கூலண்ட் சரியா வர்றதில்லீங்க சார். ஜாப் சூடாயிடுது, அளவு மாறிடுது. ஆறு மாசமா இன்ஸ்பெக்டர் சார்கிட்ட சொல்லிக்கிட்டிருக்கேன்.”

அந்த இன்ஸ்பெக்டர் நான்தான். தினமும் எத்தனை ஜாப் ரிஜெக்ட் என்று சிவப்பு மையில் எழுதிவைத்திருந்தேன். ஏன் என்பதற்கு என் நோட்டில் கட்டமே கிடையாது.

அந்த ‘ஏன்’ அம்பத்தூர் வந்து சேர அரை நூற்றாண்டு ஆகியிருந்தது. போரில் நொறுங்கிய ஜப்பானில், அங்கே செய்த சாமான் என்றாலே மட்டம் என்று உலகம் சிரித்த காலத்தில், 1950இல், அந்நாட்டு விஞ்ஞானிகள், பொறியாளர்கள் சங்கம் எட்வர்ட்ஸ் டெமிங் என்ற அமெரிக்கப் புள்ளியியலாளரை அழைத்து எட்டு நாள் பாடம் நடத்தவைத்தது. பாடக்குறிப்புகள் அச்சாகி விற்றன. உரிமைத்தொகையை டெமிங் வாங்க மறுத்துவிட்டார். அந்தப் பணத்தை வைத்து 1951இல் அவர் பெயரிலேயே ஒரு பரிசை ஏற்படுத்தினார்கள். டெமிங் கொடுத்த கணக்கை லைனில் நிற்கிறவர்கள் கைக்குக் கொண்டுபோனதில் பெரும்பங்கு பேராசிரியர் கவோரு இஷிகாவாவுடையது. 1962இல் ஃபோர்மேன்களுக்கென்றே ஒரு பத்திரிகை தொடங்கி, அதைக் கூட்டாக உட்கார்ந்து படிக்கச் சொன்னார்கள். க்யூ.சி. சர்க்கிள் என்ற தொழிலாளர் தரக்குழு பிறந்தது அப்படித்தான், ஏறக்குறைய ஒரு வாசகர் வட்டமாக. சொந்த நாட்டில் டெமிங் பெயர் பரவலாகத் தெரியவந்தது 1980இல், ஒரு தொலைக்காட்சி ஆவணப்படத்துக்குப் பிறகு. அப்போது அவருக்கு வயது 79.

நம் நாட்டில் 1980களின் தொடக்கத்தில் ஹைதராபாத் பி.எச்.இ.எல். சர்க்கிள்களை ஆரம்பித்தது, 1982இல் அதற்கென ஒரு தேசிய அமைப்பும் வந்தது. பிறகு அது பரவிய விதத்தில் எனக்குப் பெரிய மரியாதை இல்லை. நான் பார்த்த பல இடங்களில் சர்க்கிள் என்றால் வடை, காபி, நோட்டீஸ் போர்டில் ஒரு குரூப் போட்டோ.

பக்கத்துப் பாடியில் நடந்தது வேறு. 1991க்குப் பிறகு கதவு திறந்தது. மறைமலை நகருக்கு ஃபோர்டும் இருங்காட்டுக்கோட்டைக்கு ஹூண்டாயும் வந்தன. இனி உதிரிபாகம் செய்கிறவர்களால் பழையபடி காலம் தள்ள முடியாது. சுந்தரம் கிளேட்டனின் பிரேக் பிரிவு சுடா, வாஷியோ என்ற ஜப்பானியப் பேராசிரியர்களிடம் பாடம் கேட்டு, 1998இல் டெமிங் பரிசு வாங்கியது. இந்தியாவுக்கு அதுதான் முதல். 2001இல் சுந்தரம் பிரேக் லைனிங்ஸ், 2002இல் ஓசூர் டிவிஎஸ் மோட்டார், 2004இல் லூகாஸ் டிவிஎஸ். ஓசூரை விட்டுவிட்டால் மற்ற மூன்றும் பாடிக்காரர்கள். அங்கேயே இருக்கும் திருவலிதாயம் கோயில் குரு ஸ்தலம். வியாழக்கிழமை கூட்டம் தாங்காது. “குரு பார்வைப்பா” என்று எஸ்டேட் டீக்கடையில் கேலி பேசுவோம்.

கேலிதான். அந்தப் பரிசில் முதலிடம், இரண்டாமிடம் என்று கிடையாது. தேறுகிற எல்லோருக்கும் உண்டு. தேர்வாளர்கள் தொழிற்சாலைக்குள் வந்து கேட்பார்கள், மேலாளரை மட்டுமல்ல. பெயின்ட் அடித்துத் தேற முடியாது. பேராசிரியர்களும் இங்கேயே குடியிருந்து வேலை வாங்கியவர்கள் அல்ல. வருவார்கள், கேட்பார்கள், அடுத்த முறைக்கு வேலை கொடுத்துவிட்டுப் போவார்கள். மீதி நாளெல்லாம் நம் ஆட்கள் பாடுதான்.

எங்கள் ஷெட்டும் கொஞ்ச காலம் அப்படி ஓடியது. கூலண்ட் தொட்டியைத் திறந்தபோது அடியில் ஒரு சாண் இரும்புச் சேறு. வாரம் ஒருமுறை அதை அள்ளுவது என்று முடிவானதும் சாயங்கால ரிஜெக்‌ஷன் இறங்கிவிட்டது. காலையில் பத்து நிமிஷம் வெள்ளைப் போர்டு முன்னால் நின்று பேசினோம். அந்த ஆபரேட்டர்தான் அதிகம் பேசுவார். பதினைந்து வருஷம் வாயே திறக்காத மனுஷன்.

ஜப்பான்காரரின் தவணை முடிந்தது. ஒரு மார்ச் மாதம் ஆர்டர் நெருக்கியது. “இன்னிக்கு ஒருநாள் மீட்டிங் வேண்டாம்பா” என்றார் முதலாளி. அவரை முழுதாகக் குறை சொல்ல மாட்டேன். பில் பணம் தொண்ணூறு நாள் கழித்து வரும், வட்டி மாதாமாதம் ஏறும். நானும் வாயை மூடிக்கொண்டிருந்தேன். ஒருநாள் ஒரு வாரமாயிற்று. தொட்டியில் மறுபடி சேறு. ஆபரேட்டர் என்னிடம் இரண்டு முறை சொன்னார், பிறகு நிறுத்திக்கொண்டார். அந்த வருஷ ஆயுத பூஜைக்கு வெள்ளைப் போர்டின் சட்டத்துக்கும் சந்தனம் குங்குமம் வைத்தோம். போர்டில் மார்ச் மாதத் தேதி அப்படியே இருந்தது.

என் மகள் சோழிங்கநல்லூரில் ஒரு சாஃப்ட்வேர் கம்பெனியில் இருக்கிறாள். ‘அஜைல் கோச்’ என்று ஒருவரை வைத்திருக்கிறார்களாம். காலையில் நின்றுகொண்டே மீட்டிங், சுவரில் ‘கான்பான்’ போர்டு. கான்பான் டொயோட்டாவின் பாகத் தொட்டிகளில் செருகிய அட்டை என்றேன், அவளுக்கு நம்பிக்கையில்லை. அவர்கள் ‘ஸ்க்ரம்’ என்பதும் நோனாகா, டாகேயுச்சி என்ற இரு ஜப்பானியப் பேராசிரியர்கள் 1986இல் ஹோண்டா, கேனன் போன்ற கம்பெனிகளைப் பார்த்து எழுதிய கட்டுரையிலிருந்து எடுத்த பெயர்தான். 2001இல் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் பதினேழு பேர் கூடி அஜைல் அறிக்கை வெளியிடுவதற்கு முன்பே எங்கள் ஷெட்டில் போர்டு ஏறி இறங்கிவிட்டது.

கோச்சின் ஒப்பந்தம் எப்போது முடிகிறது என்று கேட்டேன். மார்ச் என்றாள். ஏப்ரலில் அந்தப் போர்டை ஒரு போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லியிருக்கிறேன்.